ஓடும்போதே நின்றுபோகும் டீசல் லாரி: பம்பை இறக்கலாமா?

கேள்வி, 2019 பிப்ரவரி 9, இரவு

அண்ணே, நான் பர்மாவுல பெகு ஊர்க்காரன். அப்பாவோட பழைய ஜப்பான் லாரியை இப்ப நான்தான் ஓட்டுறேன். ஆறு சிலிண்டர், டர்போ கிடையாது. டீசல் அடிக்கிற பம்பு இன்லைன், சிலிண்டருக்கு ஒண்ணுன்னு வரிசையா அடிக்குமே, அது. மூணு வாரமா ஒரே தொல்லை. உளுந்து ஏத்திக்கிட்டு ரங்கூன் பேயின்னௌங் சந்தைக்குப் போறப்ப இருபது இருபத்தஞ்சு மைல் நல்லா ஓடுது. அப்புறம் மூச்சு வாங்குது. ஆக்சிலேட்டரை மிதிச்சா இன்னும் இறங்குது. அப்படியே ஆஃப் ஆயிடுது. செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா இன்ஜின் பிடிக்க மாட்டேங்குது. ஒரு மணி நேரம் ஓரமா நிறுத்திட்டு அடிச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி பிடிச்சுக்குது. ஃபில்டர் ரெண்டு தடவை மாத்தியாச்சு. பட்டறையில பம்பு தேஞ்சுபோச்சு, இறக்கணும், 14 லட்சம் கியாட் ஆகும்ங்கிறாங்க. 2017-ல இந்தியா பருப்பு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டதிலிருந்து எங்களுக்கு லோடு பாதியாப் போச்சு. அவ்வளவு பணம் கையில இல்ல. பம்பை இறக்கலாமா?

பிப்ரவரி 9, இரவு 11 மணி

இறக்காதே தம்பி. இன்றைக்கு வேண்டாம், இந்த வாரமும் வேண்டாம்.

தேய்ந்த இன்லைன் பம்பு ஒரு மணி நேரம் ஓய்வெடுத்துவிட்டுக் குணமாகாது. காலையில் பிடிக்கச் சிரமப்படும், நாள் முழுக்க இழுவை குறையும், ஆனால் இருபது மைல் சொன்ன பேச்சு கேட்டுவிட்டு இருபத்தோராவது மைலில் சாகாது.

சூடேறினால் பிடிக்காது, ஆறினால் பிடிக்கும் என்ற நோய் ரோட்டரி பம்புக்கு உண்டு. சின்ன வேன்களில் இருக்குமே, அது. உள்ளே தேய்மானம் இருந்தால், சூட்டில் டீசல் இளகி இடுக்கு வழியே கசிந்துவிடும். செல்ஃப் சுற்றும் வேகத்துக்குப் போதுமான அழுத்தம் வராது. பம்பு மேல் ஈரத் துணி போட்டுத் தண்ணீர் ஊற்றினால் பிடித்துக்கொள்ளும். உன் வண்டியில் இருப்பது அந்தப் பம்பு அல்ல. பட்டறைக்காரர் அதையும் இதையும் ஒன்றாக நினைத்துவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம்.

ஒரே ஒரு விஷயம் பார்த்துச் சொல். அடுத்த முறை நிற்கும்போது, கூட வரும் உதவிப் பையனை, அதாவது ஸ்பேர் பையனைச் சைலன்சர் பக்கம் நிற்கவைத்து செல்ஃப் அடி. வெள்ளைப் புகை வருகிறதா, ஒன்றுமே வரவில்லையா? புகை வந்தால் டீசல் சிலிண்டர் வரைக்கும் போகிறது, எரியவில்லை. புகையே இல்லையென்றால் டீசலே போகவில்லை. வைத்தியம் இரண்டுக்கும் வேறு வேறு.

பிப்ரவரி 10, காலை

நேற்று எழுத விட்டது: செல்ஃபை ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் அடிக்காதே. ஒரு நிமிடமாவது ஆறவிடு. மோட்டார் கருகிப்போனால் இரண்டு நோயாகிவிடும்.

பிப்ரவரி 10, இரவு

தம்பி பார்த்துவிட்டுச் சொன்னான்: புகை துளியும் இல்லை. அப்படியானால் டீசல் வரவில்லை. டேங்கிலிருந்து பம்பு வாய் வரைக்கும் உள்ள பாதையில்தான் கோளாறு. பட்டறையில் இந்தப் பாதையை யாரும் தொடவில்லையாம். ஃபில்டரை மாற்றிவிட்டு நேரே பம்பைக் காட்டியிருக்கிறார்கள்.

பாதை இதுதான்: டேங்குக்குள் தொங்கும் உறிஞ்சு குழாய், அதன் நுனியில் சல்லடை, சேசிஸ் ஓரமாக ஓடும் இரும்புக் குழாய், சேசிஸிலிருந்து இன்ஜினுக்குத் தாவும் ரப்பர் ஓஸ், தண்ணீர் பிரிக்கும் கிண்ணம், டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சின்னப் பம்பான பீட் பம்பு, ஃபில்டர், அப்புறம்தான் பெரிய பம்பு. பீட் பம்பு வரைக்கும் உறிஞ்சல், அதற்குப் பிறகு தள்ளல். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஈரமே இல்லையே, ஓஸ் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஏமாறுவது இங்கேதான்.

பீட் பம்பு வாயில், குழாயை மாட்டும் துளையுள்ள போல்ட்டுக்கு, அதாவது பேஞ்சோ போல்ட்டுக்கு அடியில், விரல் நுனி அளவு ஒரு சின்னச் சல்லடை இருக்கும். இருபது வருஷம் ஓடிய வண்டியிலும் அதை ஒரு தடவைகூடக் கழற்றாத ஆட்களை எனக்குத் தெரியும். முதலில் அதைக் கழற்றி டீசலில் கழுவு.

கழற்றினால் காற்று புகும், காற்றை எடுக்கவும் தெரிய வேண்டும். பீட் பம்பின் மேல் உள்ள பிரைமர் குமிழைத் திருகித் தளர்த்து. ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவை ஒரு சுற்று தளர்த்து. குமிழை மேலும் கீழும் அடி. முதலில் நுரை வரும், அப்புறம் குமிழி குமிழியாக வரும், கடைசியில் சுத்தமான டீசல் கயிறு மாதிரி வரும். அப்போது, குமிழை அமுக்கிப் பிடித்தபடியே ஸ்க்ரூவை இறுக்கு. பெரிய பம்பிலும் அதே வேலை. பிறகு குமிழைத் திரும்பத் திருகி இறுக்க மறக்காதே. மறந்தால் அந்த வழியாகவே காற்று இழுக்கும். அப்படியும் பிடிக்கவில்லையென்றால் சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்களில் இரண்டு மூன்றின் குழாய் நட்டைத் தளர்த்தி செல்ஃப் அடி, டீசல் துப்பியதும் இறுக்கு. துப்பும் இடத்தில் கையை வைக்காதே. நாசில் திறப்பதே ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில். அந்த வேகம் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

பிப்ரவரி 11

சல்லடையைக் கழற்றிக் கழுவிவிட்டானாம். கொஞ்சம் அழுக்கு, அவ்வளவுதான். பிரைமர் குமிழ் துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது, அசையவில்லை என்கிறான். மண்ணெண்ணெய் விட்டு ஊறவை, குறடு போட்டுத் திருகாதே.

இன்னொன்று ஞாபகம் வந்தது. இந்த வண்டிகளில் சாவியை அணைத்தால் ஒரு சின்ன மோட்டார் பம்பின் ஸ்டாப் நெம்புகோலை இழுத்து இன்ஜினை நிறுத்தும். சாவி போட்டதும் ‘ர்ர்’ என்று அது திரும்பும் சத்தம் கேட்க வேண்டும். அது பாதியில் சிக்கினாலும் டீசல் போகாது, புகையும் வராது. வண்டி நின்ற உடனே நெம்புகோலைக் கண்ணால் பார், கையால் அசைத்துப் பார்.

(மாலை) பார்த்தான். நெம்புகோல் ஓடும் நிலையில்தான் நிற்கிறது. சரி, அதை விட்டுவிடலாம்.

பிப்ரவரி 12, இரவு

பட்டறைப் பேச்சை நம்பாதே என்று நான் ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன்.

2003, மழைக்காலம். ரங்கூனிலிருந்து மோல்மேனுக்குச் சிமெண்ட் ஏற்றிக்கொண்டிருந்தேன். தன்லுவின் ஆற்றுப் பாலம் 2005-இல்தான் திறந்தது. அதுவரைக்கும் மர்த்தபானில் வரிசையில் நின்று, படகில் வண்டியை ஏற்றி அக்கரை போக வேண்டும். வண்டி நின்றுவிட்டால் வரிசை போய்விடும், வரிசை போனால் அந்த நாளே போய்விடும்.

தட்டோன் தாண்டியதும் என் வண்டி நின்றது. அரை மணி நேரத்தில் பிடித்தது, பத்து மைலில் மறுபடி நின்றது. தட்டோனுக்குத் திருப்பி இழுத்துப் போனேன். பம்பு போச்சு என்றார்கள். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. பம்பை இறக்கினார்கள். பதினோரு நாள். என் மனைவி கழுத்தில் கிடந்த இரண்டு சவரன் சங்கிலி அடகுக்குப் போனது. சிமெண்ட் மூட்டையில் ஈரம் ஏறிக் கடைசி வரிசை கல்லாகிவிட்டது. பம்பு திரும்ப ஏறியது, கிளம்பினேன், ஒன்பதாவது மைலில் அதே இடத்தில் அதே மாதிரி நின்றது. சாலை ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன்.

எப்படியோ தள்ளியும் நிறுத்தியும் மர்த்தபான் வரிசைக்கு வந்து சேர்ந்தேன். பின்னால் நின்ற வண்டியின் டிரைவர், வயதான மோன் இனத்து மனிதர், வந்து பார்த்தார். பானட்டைத் திறக்கவில்லை. நேராக டேங்குக்குப் போய் மூடியைத் திருகினார். ‘உஸ்ஸ்’ என்று நீளமாகக் காற்று உள்ளே போனது. அந்தச் சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. செல்ஃப் அடி என்றார். பிடித்தது.

மூடியில் காற்று போக ஊசித் துளை ஒன்று உண்டு. மழைக்கு முன்னால் டேங்குக்குப் பெயின்ட் அடித்தவன் மூடிக்கும் சேர்த்து அடித்திருந்தான். துளை அடைந்துபோனது. டீசல் வெளியே போகப் போக, அந்த இடத்தை நிரப்பக் காற்று வராமல் டேங்குக்குள் வெற்றிடம் பிடித்து, பீட் பம்பால் இழுக்க முடியாமல் போகிறது. நிறுத்தி வைத்தால் எங்கோ இடுக்கு வழியாகக் காற்று மெல்லக் கசிந்து சமமாகிறது, வண்டி பிடிக்கிறது. ஒரு ஊசி. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அந்தப் பெரியவர் காசு வாங்கவில்லை. வரிசை ஓரக் கடையில் ஒரு கோப்பை லபேயே, அதாவது தேநீர், மட்டும் குடித்தார்.

சங்கிலியை மீட்க முடியவில்லை.

அதனால் தம்பி, நாளைக்கு வண்டி நின்றதும் முதல் வேலை டேங்க் மூடி. திருகும்போது காது கொடுத்துக் கேள்.

பிப்ரவரி 13

மூடியைத் திறந்தானாம். சத்தம் இல்லை. மூடியைக் கழற்றிவிட்டு, டேங்க் வாயில் துணியைக் கட்டி ஓட்டியிருக்கிறான், அப்படியும் நின்றுவிட்டது.

என் பழைய காயத்தை அவன் வண்டியில் தேடியிருக்கிறேன். ஒரே மாதிரி நின்றால் ஒரே காரணம் என்று இல்லை. மூடிக் கதையை இத்துடன் விடுகிறேன்.

சேசிஸிலிருந்து இன்ஜினுக்குத் தாவும் ரப்பர் ஓஸை மாற்று. இன்ஜின் ஆட்டத்தில் கிளிப் ஓரத்தில் வெடிக்கும், காற்று இழுக்கும். எனக்கு இப்போது அதுதான் பலமாகத் தோன்றுகிறது.

பிப்ரவரி 14

ஓஸை மாற்றினான். 18,000 கியாட். மறுபடியும், ரங்கூன் போகும் வழியில் உள்ள லேகு ஊருக்கு முன்னால் நின்றது. இந்தப் பணத்துக்கு நான்தான் பொறுப்பு. சோதித்துப் பார்க்காமல் பொருளை மாற்றச் சொன்னேன். பட்டறைக்காரர் செய்ததும் அதுதானே.

இனி ஒழுங்காகப் போவோம். சுத்தமான 20 லிட்டர் கேன் ஒன்று. கேபினுக்குப் பின்னால், லோடு தொட்டியின் முன்பக்கம், பீட் பம்பைவிட உயரத்தில் கட்டு. கேனிலிருந்து புது ஓஸ் நேரே பீட் பம்பு வாய்க்கு. ரிட்டர்ன் குழாயையும் கேனுக்கே திருப்பு, இல்லாவிட்டால் கேன் டீசல் எல்லாம் டேங்குக்குப் போய்விடும். கேபினுக்குள் வைக்காதே, பக்கத்தில் யாரும் பீடி சுருட்டு பிடிக்கக் கூடாது. அதே லோடோடு அதே சாலையில் ஓட்டு. கேனிலும் நின்றால் நோய் பீட் பம்புக்கு அப்பால். நிற்காவிட்டால் நோய் டேங்குக்கும் பீட் பம்புக்கும் நடுவில். அந்த 14 லட்சம் போக வேண்டுமா வேண்டாமா என்பதை இந்தக் கேன் சொல்லிவிடும்.

பிப்ரவரி 15, இரவு

லேகு போய்த் திரும்பினான். அங்கே கேனை ஒரு தடவை நிரப்பினான். முழு லோடு, போகவர நாற்பது மைலுக்கு மேல். ஒரு இடத்தில்கூட மூச்சு வாங்கவில்லை.

பம்பு நல்ல பம்பு. இதைப் படித்ததும் என் மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

பிப்ரவரி 16, காலை

இனி காற்றா அடைப்பா? இதைக் கண்ணால் பார்க்க வழி இருக்கிறது. டேங்கை மறுபடி இணைத்து, பீட் பம்புக்கு முன்னால் ஒரு முழம் கண்ணாடி ஓஸ் போடு. டீசல் தாங்கும் ஓஸாக இருக்கட்டும்; மீன் தொட்டி ஓஸ் இரண்டு நாளில் கல்லாகிவிடும். வண்டி நின்றதும் ஓஸைப் பார். குமிழி குமிழியாக ஓடியிருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. குமிழி இல்லாமல் டீசல் அசையாமல் நின்று, ஓஸ் கொஞ்சம் ஒட்டியிருந்தால் அடைப்பு.

நான் ஓஸை மாற்றச் சொன்னபோதே இதைச் சொல்லியிருந்தால் அந்த 18,000 மிஞ்சியிருக்கும்.

பிப்ரவரி 16, இரவு

தம்பி எழுதியதை அப்படியே போடுகிறேன்: “அண்ணே, ஒரு குமிழிகூட இல்ல. டீசல் தேன் மாதிரி அப்படியே நிக்குது. ஓஸ் கன்னம் ஒட்டின மாதிரி ஒட்டியிருக்கு. பிரைமர் குமிழும் இன்னைக்கு இளகிடுச்சு, வெளிய இழுத்தா திரும்ப உள்ளயே இழுக்குது.”

அடைப்புதான். சந்தேகமே இல்லை.

அவனுடைய முதல் கேள்வியைத் திரும்பப் படித்தேன். ‘ஆக்சிலேட்டரை மிதிச்சா இன்னும் இறங்குது’ என்று அன்றைக்கே சொல்லியிருக்கிறான். மிதித்தால் டீசல் அதிகம் வேண்டும், அடைப்பு வழியாக அது வராது, அதனால் இறங்குகிறது. அந்த ஒரு வரியை நான் தாண்டிப் போய்விட்டேன்.

அடுத்த முறை நின்றதும் ஒரு மணி நேரம் காத்திருக்காதே. ஓஸைப் பீட் பம்பில் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்துவிட்டு, சைக்கிள் பம்பால் டேங்கு பக்கமாக ஊது. ஸ்பேர் பையன் டேங்கில் காதை வைக்கட்டும்.

பிப்ரவரி 17

ஊதினான். முதல் இரண்டு அடி இறுக்கமாக இருந்ததாம், மூன்றாவதில் ‘டப்’ என்று விட்டுக்கொடுத்து டேங்குக்குள் குளுகுளுவென்று சத்தம். ஓஸை மாட்டி, காற்றெடுத்து, செல்ஃப் அடித்தான். முதல் அடியில் பிடித்தது. நின்றதிலிருந்து பன்னிரண்டு நிமிடம்.

வீட்டுக்குக் கொண்டுபோய் டேங்கைக் காலி செய்து உறிஞ்சு குழாயை வெளியே எடுத்திருக்கிறான். படம் அனுப்பினான். சல்லடையில் பாதி கறுப்புச் சளி. டேங்கின் அடியில் வெற்றிலைக் கிள்ளல் அளவு ஒரு பளபளப்புத் தாள், ஓரம் சுருண்டு. ஆயில் கேன் மூடிக்கு அடியில் ஒட்டியிருக்குமே, அந்த அலுமினியத் தாள். எப்போதோ யாரோ பழைய ஆயில் கேனில் டீசல் வாங்கி ஊற்றும்போது விழுந்திருக்கிறது.

டேங்க் நிறைந்திருக்கும்போது தாள் அடியில் எங்கோ சும்மா கிடக்கிறது. டீசல் இறங்கி, குலுங்கத் தொடங்கியதும் சல்லடைப் பக்கம் வருகிறது. ஏற்கெனவே பாதி அடைந்த சல்லடையின் மிச்சப் பாதியில், உறிஞ்சலோடு சேர்ந்து அப்பிக்கொள்கிறது. வண்டி நின்று, உறிஞ்சல் மெல்லத் தளர்ந்ததும் தானாக விழுந்துவிடுகிறது. அதற்குத்தான் அந்த ஒரு மணி நேரம். அதனால்தான் பட்டறையில் நிற்கும்போது எப்போது பார்த்தாலும் வண்டி நல்ல வண்டி.

பிப்ரவரி 18

கறுப்புச் சளியைப் பாசி என்று எல்லாரும் சொல்கிறோம். பாசிக்கு வெளிச்சம் வேண்டும், டேங்குக்குள் ஏது வெளிச்சம்? அது பூஞ்சையும் பாக்டீரியாவும். டேங்கின் அடியில் தண்ணீர் தங்கினால், தண்ணீரும் டீசலும் தொடும் கோட்டில் குடியிருந்து டீசலைத் தின்று வளரும். ஒரு லிட்டர் டீசல் 820 முதல் 860 கிராம், தண்ணீர் ஒரு கிலோ, ஆகவே தண்ணீர் எப்போதும் அடியில்தான். ராத்திரி முழுக்க வண்டி நின்ற பிறகு, காலையில் அசைக்கும் முன் அடித் திருகைத் திறந்து கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பார்த்தால் கோடு தெரியும். தம்பிக்கு அரைப் பாட்டில் தண்ணீர் வந்தது.

எங்கிருந்து வந்தது? அவன் வீட்டில் டிரம்மில் வாங்கி வைக்கிறார்கள். நிமிர்த்தி, வெளியில். மழையில் டிரம் தலையில் தண்ணீர் தேங்கும். பகல் வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மூடி மரை வழியே வெளியேறும். சாயங்காலம் குளிர்ந்ததும் திரும்ப உள்ளே இழுக்கும், அப்போது தேங்கிய தண்ணீரையும் சேர்த்து இழுக்கும். மூடி இறுக்கமாகத்தானே இருக்கிறது என்பார்கள். இருந்தாலும் இழுக்கும். டிரம்மைப் படுக்கப் போட்டு, இரண்டு மூடியும் ஒரே மட்டத்தில், டீசலுக்குள் முழுகியிருக்கும்படி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

பிப்ரவரி 20

ரங்கூனிலிருந்து ஒருவர், புது வண்டி, எல்லா நாசிலுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வகை, அதிலும் நாசில் நட்டைத் தளர்த்திக் காற்றெடுக்கலாமா என்று கேட்கிறார். கூடவே கூடாது. அதில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம், ஆளைக் கொன்றுவிடும். நான் மேலே எழுதியது பழைய இன்லைன் பம்புக்கு மட்டும். உங்கள் வண்டியிலும் டேங்க், சல்லடை, ஓஸ், கிண்ணம் எல்லாம் அதே வேலைதான் செய்கின்றன. அதுவரைக்கும் பாருங்கள், மற்றதைக் கருவி வைத்திருப்பவரிடம் விடுங்கள்.

பிடிக்கவில்லையென்றால் காற்று ஃபில்டரில் ஈதர் ஸ்ப்ரே அடிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். பிடிக்க உதவும் சூடேற்றியான குளோ பிளக்கோ, ஹீட்டரோ உள்ள வண்டியில் அது வெடிக்கும். அடிக்காதீர்கள்.

மார்ச் 2

டேங்கைக் கழுவி, புதுச் சல்லடை போட்டு, தம்பி மூன்று லோடு பேயின்னௌங் போய் வந்துவிட்டான். ஒரு தடவைகூட நிற்கவில்லை. மொத்தச் செலவு, நான் வீணாக்கிய ஓஸையும் சேர்த்து, 50,000 கியாட்டுக்குள்.

மார்ச் 3

காலையில் பிடிக்க மட்டும் கொஞ்சம் நேரமாகிறது, மூன்று நான்கு சுற்று அதிகம் என்கிறான். பேஞ்சோ போல்ட்டின் செம்பு வாஷர்களைக் கழற்றிய பழசையே திரும்பப் போட்டாயா என்று கேட்டேன். ஆமாம். ஒரு தடவை நசுங்கிய செம்பு இறுகிவிடும், மறுபடி சரியாக உட்காராது. ராத்திரி அந்த இடுக்கில் காற்று புகுந்து டீசல் டேங்குக்கு இறங்கிவிடுகிறது. புதுசு கிடைக்கவில்லையென்றால் பழசைக் கம்பியில் கோத்து, அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போடு. செம்பு இளகிவிடும். கரியைத் துடைத்து, சொரசொரப்பு இல்லாமல் பார்த்துப் போடு.

(இரவு) ஆறு வாஷரையும் அம்மா அடுப்பில் காய்ச்சிவிட்டானாம். காலையில் நாலு மணிக்குக் கிளம்புகிறான், பிடித்ததும் எழுதுகிறேன் என்றிருக்கிறான்.

மார்ச் 4, காலை 4.20

முதல் சுற்றிலேயே பிடித்துவிட்டது.